அக்கிலீஸ் கப்பலுக்கு எழுதிய வரவேற்புப் பாட்டில் சண்டையே இல்லையே, ஏன்?

சுதிசேராதவன்:
நியூசிலாந்தின் ஆக்லாந்தில் ஒரு சேர்ந்திசைக் குழுவில் பின்வரிசையில் நின்று பாடுகிறவன் நான். 1940-இல் ஊர் திரும்பிய அக்கிலீஸ் போர்க்கப்பலை வரவேற்று எழுதிய ஒரு பழைய பாட்டை இப்போது பயிற்சி செய்கிறோம். ‘நம்ம பையன்கள், நம்ம கப்பல்’ என்று நாலு பத்தி. பீரங்கி இல்லை, செத்தவர்களும் இல்லை. கப்பல் அப்போது பிரிட்டிஷ் கடற்படையுடையதுதானே? ‘நம்ம’ எப்படி வந்தது?

கடலோடி:
கப்பல் பிரிட்டிஷ்காரர்களுடையது, ஆட்களில் பாதிக்குமேல் உள்ளூர். 567 பேரில் 321 பேர் நியூசிலாந்துக்காரர்கள். தென்னமெரிக்காவில் லா பிளாட்டா ஆற்று முகத்துவாரத்துக்கு வெளியே கிராஃப் ஸ்பீ என்ற ஜெர்மன் போர்க்கப்பலோடு மோதியது 1939 டிசம்பர் 13. ஆக்லாந்து வந்து சேர்ந்தது பிப்ரவரி 23. இடையில் பத்து வாரம்! மெட்டுப் போட, அச்சடிக்க, பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தாராளமான அவகாசம். போதாக்குறைக்கு, ஆங்கிலத்தில் ‘சீஸ்’ என்று கடலைச் சொன்னால் அக்கிலீஸுக்கு இயைபு தானாக விழும்.

வரவேற்க ஆக்லாந்தின் குயின் தெருவில் நின்ற கூட்டம் பாடத்தான் இதெல்லாம். 11 அங்குலக் குண்டு வந்து விழும்போது எப்படி இருக்கும் என்று மாலுமிக்குப் பாட்டு வேண்டியதில்லை. தெருவில் நின்ற தாய்க்கு அதைக் கேட்கப் பிடிக்காது. சண்டை இல்லாததற்கு அதுதான் காரணம் என்பது என் கணிப்பு.

எனக்கு இதில் அக்கறை வரக் காரணம் அப்பா. இதே கப்பலை 1948-இல் இந்தியா வாங்கி ‘டெல்லி’ என்று பேர் மாற்றியது. அதில் அவர் ஸ்டோக்கர், கொதிகலன் அறை வேலை. ‘மேலே என்ன பேர் எழுதினாலும் கீழே அதே வேக்காடுதான்டா’ என்பார். சண்டையின்போது அக்கிலீஸின் கேப்டனாக இருந்த பாரி அதே 1948-இல் இந்தியக் கடற்படைக்கே தலைமைத் தளபதியாக வந்தார். கப்பலும் அவரும் ஒரே வருஷம்! அந்தச் சண்டையைப் பற்றி 1956-இல் வெளிவந்த சினிமாவில் அக்கிலீஸாக நடித்ததும் டெல்லிதான். அப்பா அதை மட்டும் யார் வந்தாலும் சொல்வார்.

வள்ளக்காரன்:
நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளிடம் இதற்கு முன்பே பாட்டு இருக்கிறது. ‘தோயா மாய் தே வாக்கா’: தோணியை இழுத்து வாருங்கள், அதன் தலைமாட்டுக்கு, படுக்கைக்கு, கிடக்கும் இடத்துக்கு. விருந்தாளி வந்தால் இன்றும் பாடுகிறார்கள். நம்ம கரையில் அம்பா பாடி இழுப்போமே, அந்த மூச்சுக்கட்டுதான். புகழ்ச்சி ஒரு சொல் கிடையாது. என்னைக் கேட்டால் இதுதான் உசத்தி.

சுதிசேராதவன்:
வள்ளக்காரன் அண்ணா, அதையும் எங்கள் பாட்டுக்குழு நடத்துநரிடம் கேட்கிறேன். கடலோடி ஐயா, மேடையில் பாட்டை மெதுவாகப் பாடச் சொல்கிறார்கள், உருக்கமாக இருக்குமாம். சரியா?

கடலோடி:
வேண்டாம் தம்பி. அது நடைபோடும் மெட்டு, இழுத்தால் ஒப்பாரி ஆகிவிடும். வேகமாகவே பாடுங்கள். சண்டையில் அக்கிலீஸ் கப்பலில் இறந்தவர்கள் நாலு பேர். பாட்டு தொடங்குமுன் அவர்கள் பெயரை ஒருவர் வாசிக்கட்டும். உங்கள் ஆக்லாந்தின் டெவன்போர்ட் கடற்படைத் தளத்தில் அந்தக் கப்பலின் பீரங்கி மேடை ஒன்று நிற்கிறது. போனால் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், நான் நேரில் பார்த்ததில்லை.