2008-இல் காலாவதியான கலர் பிலிம்: நிழலெல்லாம் சேறாகிறது, புஷ் பண்ணலாமா?

வெயில்நிலம்:
கோடக் கோல்டு 200, ஐந்து ரோல். டப்பாவில் 08/2008 என்று இருக்கிறது. மொட்டை மாடிக்குக் கீழ் அறையில் பீரோவுக்குள் கிடந்தவை. ஒன்றை ஐஎஸ்ஓ 200-லேயே எடுத்துக் கழுவக் கொடுத்தேன். நிழலில் விவரமே இல்லை, கிரெயின் ஏகம், பச்சையடிக்கிறது. அடுத்த ரோலை ஒரு ஸ்டாப் (இருமடங்கு வெளிச்சத்துக்கு ஈடாக) புஷ் பண்ணித் தருவதாக லேபில் சொல்கிறார்கள். சரிவருமா?

இருட்டறை:
வேண்டவே வேண்டாம். புஷ் என்றால் டெவலப்பரில், அதாவது படத்தை வெளிக்கொண்டுவரும் ரசாயனத்தில், நேரத்தைக் கூட்டுவது. படம் அடர்த்தியாகும்போது ஃபாக்கும் (வெளிச்சம் படாமலே பிலிமில் ஏறும் மூட்டம்) கூடவே ஏறும். வேண்டியது எடுக்கும்போதே கூடுதல் வெளிச்சம். நிழலின் விவரம் ஃபாக்குக்கு மேலே எழும்ப வேறு வழியில்லை.

முதலில் நெகட்டிவின் ஓரத்தைப் பாருங்கள். துளைகளுக்கு நடுவே வெளிச்சமே பட்டிருக்காது. அங்கே புது ரோலைவிட அடர்த்தி கூடியிருந்தால் வயசான ஃபாக். ஓரம் தெளிவாக இருந்து படம் மட்டும் மெலிந்திருந்தால் வெறும் அண்டர் எக்ஸ்போஷர்.

வெயில்நிலம்:
ஓரம் நன்றாகவே அடர்ந்திருக்கிறது. கோடக் எழுத்தும் மங்கல். லேபில் சரியாகக் கழுவவில்லையோ?

இருட்டறை:
பழைய பிலிமில் அதை வைத்து லேபைக் குறை சொல்ல முடியாது. அந்த எழுத்து ஆலையிலேயே வெளிச்சம் காட்டிப் பதித்தது; கழுவாமல் கிடந்தால் அதுவும் தேயும்.

பத்து வருஷத்துக்கு ஒரு ஸ்டாப் கூடுதல் வெளிச்சம் என்பது பொதுக்கணக்கு. மாடி வெக்கைக்கு அது போதாது. அடுத்த ரோலில் ஒரே காட்சியை 100, 50, 25 என்று மூன்று ஐஎஸ்ஓவில் எடுங்கள்; எண் குறையக் குறைய வெளிச்சம் கூடும். கழுவுவது கலர் நெகட்டிவுக்கு வழக்கமான சி-41 முறைதான்: டெவலப்பரில் 37.8 டிகிரி, 3 நிமிடம் 15 விநாடி. எது தேறுகிறதோ அதிலேயே மற்ற மூன்றையும் எடுத்துவிடலாம். எடுத்ததும் கழுவக் கொடுங்கள், கேமராவில் ஊறவிடாதீர்கள்.

வெள்ளிமணல்:
பச்சைக்கு ஒயிட் பேலன்ஸ் உதவாது. மூன்று நிற அடுக்கும் ஒரே வேகத்தில் கெடுவதில்லை. நிழலில் ஒரு நிறம், வெளிச்சத்தில் இன்னொன்று என்று சாயும். ஸ்கேனில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனியாக கர்வ் (நிழல் முதல் வெளிச்சம் வரை அளவைத் திருத்தும் கோடு) போடுங்கள். அப்படியும் அடங்காவிட்டால் கறுப்பு வெள்ளையாக்குவதே மேல்.

மிச்ச ரோல்களை ஜிப் கவரில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். கெட்டது திரும்பாது, மேலும் கெடுவது குறையும். வெளியே எடுத்தால் ஒன்றரை மணி நேரம் கவரைத் திறக்காதீர்கள். நம்மூர் ஈரக்காற்றில் பிலிம்மேல் வேர்த்துவிடும்.

வெயில்நிலம்:
நன்றி. கூடவே அதே வயசில் ஒரு எக்டாக்ரோம் ஸ்லைடு ரோலும் இருக்கிறது. அதற்கும் 50-தானா?

இருட்டறை:
இல்லை. ஸ்லைடு நெகட்டிவ் இல்லை, நேரே படமாகவே வருவது. அதில் ஃபாக் வந்தால் கறுப்புதான் வெளுக்கும், அதன்மேல் இரண்டு ஸ்டாப் ஏற்றினால் வானமெல்லாம் வெறும் கண்ணாடியாகிவிடும். டப்பாவில் போட்ட ஐஎஸ்ஓ, மிஞ்சினால் அரை ஸ்டாப் கூடுதல். முக்கியமான எதையும் அதில் எடுக்காதீர்கள்.