வீட்டு நாஸ் பெட்டியில் வெப் ஆப் ஓட்டலாமா?

மொட்டைமாடி: எங்கள் அடுக்ககத்தில் 24 வீடுகள். பராமரிப்புத் தொகை, தண்ணீர் லாரிக் கணக்கெல்லாம் பதிய ஜாங்கோவில் (பைத்தானில் வெப் ஆப் எழுதும் கருவி) ஒரு சின்ன ஆப் எழுதியிருக்கிறேன். வீட்டில் இரண்டு டிஸ்க் நாஸ் (வீட்டு நெட்வொர்க்கில் கோப்புகளைச் சேமிக்கும் பெட்டி) எப்படியும் இரவு பகலாக ஓடுகிறது. அதிலேயே டாக்கரில் (ஆப்பைக் கண்டெய்னர் என்ற தனி உறைக்குள் ஓட்டும் மென்பொருள்) ஏற்றி, வெளியிலிருந்து வர ரவுட்டரில் 443 போர்ட்டைத் திறந்துவிடலாம் என்றிருக்கிறேன். மாதாமாதம் விபிஎஸ்ஸுக்கு (வாடகை சர்வர்) எதற்கு அழ வேண்டும்?

பழைய_அட்மின்: வேண்டாம் சார். அந்தப் பெட்டியில் வேறு என்ன இருக்கிறது? குழந்தைகள் படம், வீட்டுப் பத்திர ஸ்கேன், அப்படித்தானே? 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் நச்சு நிரல்), இணையத்துக்கு நேராகத் திறந்து கிடந்த கியூநாப் நிறுவன நாஸ் பெட்டிகளைப் பூட்டிவிட்டு ஆளுக்கு 0.03 பிட்காயின் கேட்டது. அதற்கு முந்தைய ஏப்ரலில் கியூலாக்கர் என்ற இன்னொரு ரான்சம்வேர். அது செய்ததெல்லாம் கோப்புகளை 7ஜிப்பில் பாஸ்வேர்டு போட்டுச் சுருட்டியதுதான். பீரோ இருக்கிற அறையில் டீக்கடை வைக்காதீர்கள்.

மொட்டைமாடி: அதெல்லாம் அட்மின் பக்கத்தைத் திறந்து வைத்தவர்களுக்கு வந்த வினை. நான் திறப்பது என் ஆப்பை மட்டும்.

பழைய_அட்மின்: அதே டெட்போல்ட் 2022 செப்டம்பரில் நுழைந்தது போட்டோ ஸ்டேஷன் என்ற ஆப் வழியாக. அட்மின் பக்கம் வழியாக அல்ல. கண்டெய்னர் தனிதான், ஆனால் அடியில் இருக்கும் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஒன்றுதான். அவசரத்தில் நாஸின் மொத்த ஷேரையும் கண்டெய்னருக்குள் மவுன்ட் செய்து (இணைத்து) வைத்திருப்போம். இன்னொன்று: https-க்கு லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழ் வாங்கியதுமே உங்கள் டொமைன் பெயர் பொதுப் பதிவேட்டில் ஏறிவிடும். அதைப் பார்த்துத் தேடி வருகிற பாட்கள் முதலில் கேட்பது பாஸ்வேர்டெல்லாம் இருக்கும் உங்கள் .env கோப்பை. ஜாங்கோவின் டீபக்கை (பிழை வந்தால் உள் விவரங்களைக் காட்டும் DEBUG அமைப்பு) நிறுத்தினீர்களா?

மொட்டைமாடி: ...இப்போது நிறுத்திவிட்டேன்.

கம்பிவடம்: இருவரும் போர்ட்டுக்குச் சண்டை போடுகிறீர்கள். முதலில் ரவுட்டரின் வான் ஐபி (இணையப் பக்க முகவரி) பாருங்கள். 100.64 முதல் 100.127-க்குள் என்றால் அது சிஜிநாட், அதாவது இணைய நிறுவனம் ஒரே பொது ஐபியைப் பலருக்குப் பகிர்வது. ஐபிவி4-இல் போர்ட்டைத் திறந்தாலும் யாரும் வர முடியாது. கிளவுட்ஃபிளேர் டனல் போடுங்கள். இணைப்பு உள்ளிருந்து வெளியே போவதால் எதையும் திறக்க வேண்டியதில்லை. முன்னால் ஒரு லாகின் வைத்தால் அந்த 24 வீட்டாரைத் தவிர யாரும் ஆப்பைத் தொடவே முடியாது.

பழைய_அட்மின்: அந்த லாகின் வைத்தால் பாதி ஒத்துக்கொள்கிறேன். வெறும் டனல் என்றால் ஆப்பில் இருக்கும் ஓட்டை அப்படியேதான் இருக்கும்.

மொட்டைமாடி: சரி, டனல், லாகின் இரண்டும். பெட்டி 20 வாட்தான், மாதம் 14 யூனிட் சொச்சம். ஏற்கெனவே ஓடுகிற செலவு.

ஈரோட்டுக்காரி: என் அனுபவம். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸை நாஸ் டிஸ்க்கிலேயே வைத்தேன். அப்புறம் டிஸ்க் தூங்கவே இல்லை, இரவெல்லாம் கரகர. ஒரு நாள் கரன்ட் போய் வந்தது, யூபிஎஸ் இல்லை. பெட்டி எழுந்து வால்யூமைச் சரிபார்த்து முடிக்க நாள் பூராவும் ஆனது. ரெய்ட் (ஒரு டிஸ்க் போனாலும் தாங்கும் அமைப்பு) இருக்கிறதே என்று பேக்கப்பும் எடுத்து வைக்கவில்லை. எதுவும் போகவில்லை என்பது என் அதிர்ஷ்டம்.

பழைய_அட்மின்: சார், மூலையில் பழைய லேப்டாப் கிடக்கிறதா? ஆப்பை அதில் ஓட்டுங்கள். பேட்டரியே யூபிஎஸ். நாஸுக்கு இரவில் டேட்டாபேஸ் டம்ப் (முழு நகல்) மட்டும் போகட்டும். அதையும் நாஸே வந்து எடுத்துக்கொள்ளட்டும். லேப்டாப்பிடம் நாஸின் பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள்.

மொட்டைமாடி: லேப்டாப் இருக்கிறது, கீபோர்டில் பாதி வேலை செய்யாது. கரன்ட் போனால் ரவுட்டரும் போய்விடுமே?

ஈரோட்டுக்காரி: கரன்ட் போன நேரத்தில் தண்ணீர் லாரிக் கணக்கை யார் பார்க்கப் போகிறார்கள் அண்ணா?

மொட்டைமாடி: எங்கள் செயலாளரை உங்களுக்குத் தெரியாது.