ஹட்டன் டவுனுக்குப் பெரிய கடைத்தொகுதி: மனுவில் என்ன எழுதலாம்?

டன்பார் வீதி:
ஹட்டன்-டிக்கோயா நகர சபைக்கு ஒரு மனு கொடுக்கலாம் என்று நாங்கள் ஏழெட்டுப் பேர் பேசி வைத்திருக்கிறோம். எந்தக் கட்சியும் பின்னால் இல்லை. சாரம் இதுதான்: பஸ் ஸ்டாண்ட் பக்கத்துப் பழைய கடை வரிசையை எடுத்துவிட்டு நாலு மாடிக் கடைத்தொகுதி கட்ட வேண்டும். அதற்கு அடியில் வாகனத் தரிப்பிடம். கொழும்பிலும் கண்டியிலும் இருக்கும் பெரிய கடைகள் இங்கே கிளை திறந்தால் முதல் ஐந்து வருடத்துக்கு வாடகைச் சலுகை.

ஏன் என்று கேட்பவர்கள் தீபாவளிக்கு முந்தின வாரம் கண்டி பஸ்ஸில் ஒரு தடவை ஏறிப் பாருங்கள். காலையில் வெறுங்கையோடு போகிற சனம் பின்னேரம் ஆளுக்கு நாலு பையோடு திரும்புகிறது. அந்தக் காசு முழுக்க நம் தோட்டங்களில் உழைத்த காசு. 1884இல் ரயில் வந்த ஊர் இது. 1888இல் இந்த ஊர்ப் பெயரிலேயே வங்கி தொடங்கினார்கள். இன்றைக்கு மார்கழிப் போயா (பௌர்ணமி) முதல் வெசாக் வரை சிவனொளிபாதமலைக்குப் போகிறவர்கள் இரவில் வந்து இறங்கி, ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு மலையடிவாரத்து நல்லதண்ணிக்குப் பஸ்ஸில் ஏறிவிடுகிறார்கள். அவர்கள் ஒரு மணி நேரம் நின்று செலவழிக்க நம்மிடம் என்ன இருக்கிறது?

வரைவில் குறை இருந்தால் சொல்லுங்கள்.

ஜவுளிக்கடை:
தம்பி, குறை அல்ல, எனக்கு எதிர்ப்பே இருக்கிறது. என் தாத்தா திறந்த கடையில் நான் உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் எடுக்கச் சொல்கிற வரிசையில்தான் அது இருக்கிறது.

என் மேசையில் ஒரு கடன் கொப்பி இருக்கிறது. இன்றைக்கு அதில் 140க்கு மேல் பெயர். பெயருக்குப் பக்கத்தில் தோட்டம், டிவிஷன், அவ்வளவுதான். அடையாள அட்டை நம்பர் கூட கிடையாது. பள்ளிக்கூடம் தொடங்கும்போது வெள்ளைச் சீருடைத் துணி எடுத்துப் போவார்கள், இரண்டு மூன்று சம்பளத்தில் கட்டி முடிப்பார்கள். 2020இல் ஊரடங்கு போட்டபோது யாரிடமும் நான் கேட்கப் போகவில்லை. ஒரு வருடம் கழித்து வந்து கட்டியவர்கள் உண்டு. கொழும்பிலிருந்து வருகிற பெரிய கடையில் கணினி பில் அடிக்கும், கொப்பி எழுதுமா?

இன்னொன்று. வேறொரு மலையக டவுனில் என் மைத்துனருக்கு இதே மாதிரி நடந்தது. பழைய கடைகளை உடைத்து மாடி கட்டினார்கள். "உங்களுக்கே முதலிடம்" என்றார்கள். பிறகு கேள்விப்பத்திரம் (டெண்டர்) போட்டார்கள், கீ மணி என்று கடைக்கு முன்பணம் கேட்டார்கள். கீழ்த்தளம் வெளியூர்க்காரர்களுக்குப் போனது, மைத்துனருக்கு இரண்டாம் மாடி கிடைத்தது. அரிசி மூட்டையோடு யார் இரண்டு மாடி ஏறுவார்? எட்டு மாதத்தில் ஷட்டரை இழுத்துவிட்டார்.

இரவு மெயில்:
ஐயா, நான் டிக்கோயாப் பக்கம். ஆறு வருடமாகக் கொழும்பில் புடவைக் கடையில் நிற்கிறேன். நிற்கிறேன் என்று சொல்வது சும்மா இல்லை. காலை ஒன்பதிலிருந்து இரவு ஒன்பது வரை உட்கார ஸ்டூல் கிடையாது. கடைக்கு மேலே ஒரு அறையில் பதினொரு பேர் படுக்கிறோம். பதினொரு பேரில் எட்டுப் பேர் மலைநாடு. எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், என் வயதுப் பையன்கள் யாரையும் ஊரில் பார்க்க முடியாது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் இரவு மெயில் ரயிலில் வந்து இறங்கும்போதுதான் பார்த்துக்கொள்கிறோம்.

பெரிய கடை ஹட்டனுக்கு வந்தால் இதே வேலையை அம்மா சமைத்த சோற்றைச் சாப்பிட்டுவிட்டுச் செய்வேன். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். உங்கள் கடையில் வேலை செய்கிறவர்களுக்கு ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) கட்டுகிறீர்களா? சட்டப்படி முதலாளி 12 சதவீதம், தொழிலாளி 8 சதவீதம். அதற்கு மேல் ஈ.டி.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதி) முதலாளி 3 சதவீதம். பெரிய கடைகளில் அது ஒழுங்காகப் போகிறது. எங்கள் ஊர்ப் பையன்கள் டவுன் கடைகளை விட்டுக் கொழும்புக்கு ஓடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஜவுளிக்கடை:
கேட்க வேண்டிய கேள்விதான். ஐந்து பேரில் மூன்று பேருக்குக் கட்டுகிறேன். மற்ற இரண்டு பேர் சீசனுக்கு மட்டும் வருகிறவர்கள், அவர்களுக்குக் கட்டவில்லை. சீசன் ஆளுக்கும் கட்ட வேண்டும் என்பது தெரியும். அது என் பிழைதான், திருத்திக்கொள்கிறேன். ஆனால் தம்பி, அந்தப் பிழையைக் காட்டிக் கடையையே எடுத்துவிடலாம் என்றால் அது நியாயமில்லை.

நோர்வூட் மகள்:
இரண்டு பக்கமும் தோட்டத்துச் சனத்தின் பெயரைச் சொல்லித்தான் பேசுகிறீர்கள். அந்தச் சனத்தில் ஒருத்தி பேசுகிறேன்.

பத்தாம் திகதி சம்பளம் என்றால் எங்கள் அம்மா அடுத்த ஞாயிற்றுக்கிழமை டவுனுக்கு வருவார். காலை ஏழு மணி பஸ். அரிசி, மா, பருப்பு, கருவாடு, தம்பிக்குக் கொப்பிகள். பதினொரு மணிக்குள் எல்லாம் வாங்கி முடித்து, ஒரு அட்டைப் பெட்டியில் போட்டுச் சணல் கயிற்றால் கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நிற்பார். அந்தப் பெட்டியை ஈரத் தரையில் வைக்க முடியாது, அதனால் செருப்பைக் கழற்றி இரண்டு செருப்பின் மேலும் பெட்டியை வைப்பார். வெறுங்காலோடு மழையில் நிற்பார். காலையிலிருந்து தண்ணீர் குடித்திருக்க மாட்டார். ஏன் தெரியுமா? குடித்தால் போக நல்ல கழிப்பறை இல்லை. மாதவிடாய் நாளில் டவுனுக்கு வரவே மாட்டோம்.

மனுவில் நாலு மாடி எழுதியிருக்கிறீர்கள், கழிப்பறை என்ற சொல்லே இல்லை.

ஜவுளிக்கடை ஐயாவிடமும் ஒன்று சொல்கிறேன். கொப்பி எங்களைக் காப்பாற்றியது உண்மை. ஆனால் கொப்பிக்காரருக்கு ஒரு விலை, காசுக்காரருக்கு ஒரு விலை என்று வைத்திருக்கிற கடைகளும் இருக்கின்றன. கடன் இருக்கும்வரை வேறு கடையில் ஏறவும் கூச்சம். உங்கள் கடை அப்படி இல்லாமல் இருக்கலாம்.

அப்புறம் வாங்கும் சக்தி. 2024இல் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1350 ரூபா ஆனது. 2026 வரவுசெலவுத் திட்டத்தில் 1550 என்றும், வருகைக்கு அரசு 200 தரும் என்றும் அறிவித்தார்கள். ஆனால் குறித்த கிலோ கொழுந்து பறிக்காவிட்டால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். மழை மாதத்தில் வேலை நாளே குறைவு. இந்தக் கைக்காசை நம்பி நாலு மாடி நிரம்புமா என்று கணக்குப் போட்டீர்களா?

கடைசியாக ஒன்று. இந்த டவுனில் செலவழிக்கிற எங்களில் பெரும்பாலானவர்களுக்கு இங்கே வாக்கு இல்லை. நாங்கள் நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை பிரதேச சபைகள். அதிலும் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்படும் வரை, சபை தோட்டத்துக்குள் வந்து ஒரு பாதை போடுவதற்கே தடையாக இருந்தது. எங்கள் காசில் நடக்கிற டவுன், எங்களிடம் கேட்காமல் திட்டம் போடக்கூடாது.

டன்பார் வீதி:
அக்கா, செருப்பின் மேல் பெட்டி வைக்கிறதை நானும் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். ஏன் வைக்கிறார்கள் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. கழிப்பறை மனுவில் முதல் வரியாக வரும்.

ஆனால் நாலு மாடியை விட மாட்டேன். டவுனைச் சுற்றிலும் தோட்டக் காணி. அரசாங்கத்தின் காணி, 1992இலிருந்து கம்பனிகளின் கையில். பக்கவாட்டில் ஒரு பேர்ச் நிலம் விரிக்க வேண்டும் என்றாலும் கொழும்பு வரை போக வேண்டும். மேலே போவதைத் தவிர வேறு வழி இல்லை.

சைட் சுப்பவைசர்:
மேலே போவதிலும் கீழே தோண்டுவதிலும்தான் என் வேலை, அதனால் சொல்கிறேன்.

நாலு மாடி ஒரு பிரச்சினை, அடித்தளத் தரிப்பிடம் பத்துப் பிரச்சினை. ஹட்டன் டவுன் ஒரு சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதில் நிலக்கீழ் தரிப்பிடம் என்றால் சரிவின் காலைச் சீவுகிறோம் என்று அர்த்தம். மேலே இருக்கிற மண்ணைத் தாங்கிக்கொண்டிருப்பது அந்தக் கால்தான். மழைத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி எடை கூடும், மண்ணின் பிடி குறையும். அணைசுவர் கட்டினாலும் சுவருக்குப் பின்னால் தேங்குகிற தண்ணீர் வெளியேற வேண்டும். அதற்காகத்தான் சுவரில் சின்னக் குழாய்கள் வைக்கிறோம். டவுனில் நடக்கும்போது சுவர்களைப் பாருங்கள். எத்தனை குழாயின் வாய் சீமெந்து பூசி அடைத்திருக்கிறது, எத்தனையில் பொலித்தீன் செருகியிருக்கிறது என்று எண்ணுங்கள். அழுக்குத் தண்ணீர் கடை வாசலில் ஒழுகுகிறது என்று கடைக்காரர்களே அடைக்கிறார்கள்.

2020 செப்டெம்பரில் கண்டி பூவெலிகடையில் ஐந்து மாடிக் கட்டடம் பக்கத்து வீட்டின் மேல் சரிந்தது. கைக்குழந்தையோடு மூன்று பேர் போனார்கள். 2014 ஒக்டோபர் 29, மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவு. 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது மலையகத்தில் எத்தனை இடம் சரிந்தது, ரயில் பாதை என்ன ஆனது என்று இங்கே யாருக்கும் நான் சொல்லத் தேவையில்லை. மண்சரிவு அபாய மாவட்டங்களில் கட்டுவதற்குத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுமதி வேண்டும் என்பது 2011இலிருந்தே சுற்றறிக்கை. அந்த அறிக்கையை முதலில் எடுங்கள். மாடி எத்தனை என்று அது சொல்லட்டும், மனு சொல்லக்கூடாது.

என்னைக் கேட்டால் சரிவோடு படிப்படியாக இறங்குகிற இரண்டு மாடி. மேல் வீதியிலிருந்தும் நேரே உள்ளே போகலாம், கீழ் வீதியிலிருந்தும் நேரே உள்ளே போகலாம். இரண்டுமே தரைத்தளம்தான். ஜவுளிக்கடை ஐயாவின் மைத்துனருக்கு நடந்தது இங்கே நடக்காது.

நானுஓயா:
இடையில் ஒரு சொல். பழையது என்றாலே இடிப்பது என்று எழுதாதீர்கள். நுவரெலியாவில் 1894இல் கட்டிய செங்கல் தபால் நிலையத்தை 2023இல் ஹோட்டல் திட்டத்துக்குக் கொடுக்கப் பார்த்தார்கள், தபால் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். இன்றைக்கும் வருகிறவர்கள் அதன் முன்னால் நின்றுதான் படம் எடுக்கிறார்கள். ஹட்டன் கடைகளில் நல்ல மர முகப்பு உள்ளவை இருந்தால் முதலில் கணக்கெடுங்கள்.

இரவு மெயில்:
எல்லாரும் சொல்வது சரி, ஆனால் ஒரு பயம். அறிக்கை எடுக்க வேண்டும், கணக்கெடுக்க வேண்டும், கேட்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லியே இன்னும் பத்து வருடம் போகும். என் தம்பிக்கு இப்போது பதினேழு வயது. அவனும் இரவு மெயிலில் ஏறிவிடுவான்.

வாடகைச் சலுகை கொடுப்பதாக இருந்தால் சும்மா கொடுக்காமல், வேலைக்கு எடுக்கிறவர்களில் பாதிப் பேர் இந்தப் பகுதிப் பிள்ளைகள், எல்லாருக்கும் ஈ.பி.எஃப்., உட்கார ஸ்டூல் என்று ஒப்பந்தத்தில் எழுதிவிட்டுக் கொடுங்கள். ஸ்டூலை யாரும் சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம்.

ஜவுளிக்கடை:
சலுகையே வேண்டாம் என்கிறேன். மூன்று தலைமுறையாகச் சபைக்குச் சோலைவரி (கட்டட வரி) கட்டுகிறவனுக்கு இல்லாத சலுகை, நேற்று வருகிறவனுக்கு எதற்கு? அவர்கள் ஐந்து வருடம் இருந்துவிட்டு லாபம் போதவில்லை என்று போய்விடுவார்கள். அதற்குள் எங்களில் பாதிப் பேர் இல்லாமல் போயிருப்போம். பிறகு டவுனில் என்ன மிஞ்சும்?

சுப்பவைசர் தம்பி சொல்கிற இரண்டு மாடிக்கு நான் எதிரி இல்லை. எனக்கு ஒரு வரி வேண்டும்: இப்போது கடை நடத்துகிற ஒவ்வொருவருக்கும், அதே முகப்பு அகலத்தில், கேள்விப்பத்திரமும் கீ மணியும் இல்லாமல் இடம். கட்டி முடிக்கும்வரை வியாபாரம் செய்யத் தற்காலிகக் கடை. இந்த வரி இல்லாவிட்டால் கையெழுத்துப் போட மாட்டேன். எங்கள் வரிசையில் மற்றவர்களையும் போட வேண்டாம் என்று சொல்வேன்.

டன்பார் வீதி:
ஐயா, தற்காலிகக் கடை, அதே அகலம் இரண்டுக்கும் சம்மதம். கேள்விப்பத்திரம் இல்லாமல் என்பதில்தான் சிக்கல். உங்களைப் போல் நீங்களே உட்கார்ந்து நடத்துகிறவர்களுக்கு அது நியாயம். ஆனால் சபைக் கடையைக் குறைந்த வாடகைக்கு எடுத்து, இன்னொருவருக்குப் பல மடங்குக்கு விட்டுவிட்டு வீட்டில் இருக்கிறவர்களுக்கும் அதே உரிமையைக் கொடுக்க முடியாது. "தானே நடத்துகிறவருக்கு" என்று எழுதினால் ஏற்பீர்களா?

திருத்திய வரைவு: முதல் வரி கழிப்பறையும் கூரையுள்ள பஸ் தரிப்பிடமும், உட்கார வாங்கு (பெஞ்ச்), பெட்டி வைக்கத் திண்ணை. இரண்டாவது, கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை. நாலு மாடியையும் நிலக்கீழ் தரிப்பிடத்தையும் எடுத்துவிட்டேன். மனசு கேட்கவில்லை, ஆனாலும் எடுத்துவிட்டேன். வாடகைச் சலுகை இருக்கிறது, இரவு மெயில் தம்பி சொன்ன நிபந்தனைகளோடு.

ஜவுளிக்கடை:
"தானே நடத்துகிறவருக்கு" என்பதை ஏற்கிறேன். சலுகை வரி இருக்கும்வரை என் கையெழுத்து இல்லை.

நோர்வூட் மகள்:
கையெழுத்து வாங்க மேசை போடுவதாக இருந்தால் பத்தாம் திகதிக்கு அடுத்த ஞாயிறு பஸ் ஸ்டாண்டில் போடுங்கள், காலை ஏழிலிருந்து பதினொன்று வரை. நோர்வூட்டிலும் மஸ்கெலியாவிலும் இருந்து வருகிறவர்கள் எல்லாரும் அங்கேதான் நிற்பார்கள். தாளைத் தமிழிலும் சிங்களத்திலும் அடியுங்கள், எழுத்துப் பெரிதாக இருக்கட்டும், அம்மாவுக்குக் கண் தெரியாது. எழுத வராதவர்களுக்கு மை டப்பா ஒன்றும் வையுங்கள். வாக்காளர் இடாப்பில் இந்த நகர சபையில் பெயர் இல்லை என்று யார் கையெழுத்தையும் ஒதுக்கக்கூடாது. அதை மட்டும் இங்கேயே எழுதிச் சொல்லுங்கள், நான் வந்து மேசையில் உட்காருகிறேன்.

டன்பார் வீதி:
ஒதுக்க மாட்டோம் அக்கா. ஞாயிறு ஏழு மணி.