'முன்னனுப்பு' சரிதானா?

அன்புள்ள நண்பர்களே,

வந்த செய்தியை இன்னொருவருக்கு அனுப்பும் ஃபார்வர்டு பொத்தானுக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று இந்த இழையில் பேசி வருகிறோம். அத்தையின் கைபேசியில் தமிழ் இடைமுகம் வைத்துக் கொடுத்தேன். தனக்கு வந்த மின்கட்டண ரசீதை அண்ணனுக்குத் தள்ளிவிடச் சொன்னபோது, 'முன்னனுப்பு' என்ற சொல்லில் அவர் விரல் நின்றுவிட்டது. "முன்னாடியே அனுப்பியாச்சுன்னு போட்டிருக்கா?" என்று கேட்டார்.

அவர் படித்ததில் பிழையே இல்லை. முன்பணம், முன்பதிவு, முன்ஜாமீன் என்று பழகிய கண்ணுக்கு இதுவும் 'முன்கூட்டியே அனுப்பு' என்றுதான் படும். முன்னேறு, முன்வை போன்றவற்றில் 'முன்' இடத்தைக் குறிக்கிறதே என்று கேட்கலாம். அங்கே எதிரே ஓர் இடமோ அவையோ இருக்கிறது. ரசீதை அண்ணனுக்கு அனுப்புவதில் எது முன், எது பின்? ஃபார்வர்டு என்பதில் உள்ள 'முன்'னை அப்படியே பெயர்த்ததால் வந்த வினை இது.

இழையில் வந்த மற்றவற்றையும் பார்த்தேன். 'மறுஅனுப்பு' சரிவராது, மறுதேர்வு, மறுபதிப்பு போல, அதே ஆளுக்கே இன்னொரு தடவை என்றாகிவிடும். 'பகிர்' ஏற்கெனவே ஷேருக்குப் போய்விட்டது. 'கடத்து' பொருளளவில் அருமையான சொல். ஒரு முனையில் வாங்கி மறுமுனையில் கொடுப்பதால்தான் செம்புக் கம்பியை மின்கடத்தி என்கிறோம். ஆனால் நாளிதழைத் திறந்தால் தங்கக் கடத்தல், ஆள்கடத்தல். பொத்தானில் அதைப் போட மனம் வரவில்லை. இலங்கை நண்பர் நினைவூட்டிய அஞ்சலோட்டம் எனக்கு மிகவும் பிடித்தது. தமிழ்நாட்டில் தொடரோட்டம் என்போம். கோலை வாங்கி அடுத்தவர் கையில் கொடுப்பதுதான் இங்கேயும் நடக்கிறது. ஆனால் மின்னஞ்சலை அஞ்சல் செய் என்றால் குழப்பம்தான் மிஞ்சும்.

என் பரிந்துரை 'மேலனுப்பு'. மேலதிகாரிக்கு அனுப்புவது போல இருக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். மேல் என்பது உயரம் மட்டுமல்லவே. மேற்கொண்டு, மேல்நடவடிக்கை, இதற்கு மேல் என்னும்போது 'இன்னும் தொடர்ந்து' என்ற பொருள்தானே? வந்தது இங்கேயே நிற்காமல் மேற்கொண்டு போகிறது. அவ்வளவே.

அப்புறம், இதுவரை யாரும் தொடாத ஒன்று. 2018 முதல் வாட்ஸ்அப், இப்படி வரும் செய்திகளின் தலையில் 'ஃபார்வர்டட்' என்று ஓர் அடையாளம் போடுகிறது. அதை 'மேலனுப்பப்பட்டது' என்று எழுதினால் நம் வேலை பாதிதான் முடியும். பொத்தானை அழுத்துகிறவர் அனுப்புகிறவர். அடையாளத்தைப் படிக்கிறவர் பெறுகிறவர். போவதையும் வருவதையும் தமிழ் ஒரே சொல்லில் அடக்குவதில்லை. செலவு (போதல்), வரவு, தரவு (தருதல்), கொடை (கொடுத்தல்) என்ற நான்கையும் எடுத்துக்கொண்டு, தருசொல்லும் வருசொல்லும் தன்மைக்கும் முன்னிலைக்கும், மற்ற இரண்டும் படர்க்கைக்கு என்று தொல்காப்பியத்தின் கிளவியாக்கம் என்னும் இயல் பிரிக்கிறது. என்னிடம் வந்து சேர்ந்ததை நான் 'வந்தது' என்றுதான் சொல்வேன். ஆகவே அடையாளத்துக்கு 'கைமாறி வந்தது' என்று வைக்கலாம். ஐந்து முறைக்குக் குறையாமல் சுற்றிய செய்திக்கு இன்னோர் அடையாளம் உண்டு. அதற்கு 'பல கை மாறி வந்தது' போதும். செயப்பாட்டுவினையும் வேண்டாம், நீளமும் குறைகிறது.

ஒரு தாளில் இவற்றை எழுதி அத்தையிடம் காட்டினேன். 'மேலனுப்பு'வை இரண்டு முறை வாய்விட்டுப் படித்துவிட்டுத்தான் தலையசைத்தார். 'பல கை மாறி வந்தது' என்பதற்கு எந்த விளக்கமும் கேட்கவில்லை. "அப்ப இதை முதல்ல எழுதினது யாருன்னே தெரியாது, இல்ல?" என்றார்.