மூணு சீசன், 19-19: மேட் ரூல் அணியைக் கட்டுகிறாரா, காலத்தைக் கடத்துகிறாரா?

(அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் ரசிகர்களின் இழை. ஒவ்வொரு பதிவுக்கும் மேலே எழுதியவரின் புனைபெயர்.)

சோளக்காடு

சீசன் முடிவில் நடக்கும் லாஸ் வேகஸ் பௌல் ஆட்டத்தில் யூட்டாவிடம் 44-22 என்று தோற்றதோடு நெப்ராஸ்காவின் 2025 முடிந்தது. கணக்கு 7-6. 2024இலும் 7-6. 2023இல் 5-7. கூட்டிப் பாருங்கள்: மேட் ரூல் கோச்சாக வந்து மூன்று சீசனில் 19 வெற்றி, 19 தோல்வி. இதே அணியில் மைக் ரைலி 2015 முதல் 2017 வரை எடுத்ததும் அச்சு அசலாக 19-19தான். ரைலியை அத்தோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். ரூலுக்கோ சீசன் நடுவிலேயே, அக்டோபர் கடைசியில், 2032 வரை ஒப்பந்தத்தை நீட்டித்துக் கொடுத்தாயிற்று.

வயிற்றெரிச்சல் நவம்பரில்தான். 2023 நவம்பரில் நாலு ஆட்டம், நாலும் தோல்வி. 2024 நவம்பரில் நாலில் ஒரு வெற்றி. 2025லும் நாலில் ஒன்று. ஆக 2-10. செப்டம்பரில் ஆக்ரனை 68-0 என்று அடித்த அணி, குளிர் வந்ததும் ஏன் படுத்துவிடுகிறது? அயோவாவிடம் மூன்று வருஷமும் தோல்வி: 13-10, 13-10, 40-16. முதல் இரண்டும் கடைசி நொடி ஃபீல்ட் கோலில் போனவை, சரி. 40-16க்கு என்ன சமாதானம்?

பத்தாம் யார்டு

ரைலியோடு ஒப்பிடுவது நியாயமே இல்லை சார். ரைலி கைக்கு வந்தது போ பெலினி விட்டுப்போன அணி. பெலினி 2008 முதல் 2014 வரை ஒரு சீசனில்கூட ஒன்பது வெற்றிக்குக் கீழே இறங்கியதில்லை. ரூல் கைக்கு வந்தது ஸ்காட் ஃப்ராஸ்ட் விட்டுப்போனது: 16-31. எட்டுப் புள்ளி வித்தியாசத்துக்குள் முடிந்த ஆட்டங்களில் மட்டும் ஃப்ராஸ்டின் கணக்கு 5-22. 2021இல் ஒன்பது ஆட்டம் தோற்றார், ஒன்பதும் ஒற்றை இலக்க வித்தியாசம். 2022இல் டப்ளினில் நார்த்வெஸ்டர்னை 28-17 என்று முந்திக்கொண்டிருக்கும்போது ஆன்சைடு கிக் (தன் அணியே திரும்பப் பிடிப்பதற்காக அடிக்கும் குட்டை உதை) அடித்து, பந்தைப் பாதி மைதானத்தில் எதிரணியிடம் கொடுத்து, 31-28 என்று கோட்டைவிட்டார். தோற்றுத் தோற்றுப் பழகிய உடைமாற்றும் அறையை ஒரே சீசனில் யாரும் திருத்த முடியாது.

2017 முதல் 2023 வரை ஏழு சீசன் பௌல் ஆட்டத்தையே பார்க்காத அணி இது. 2024இல் பின்ஸ்ட்ரைப் பௌலில் பாஸ்டன் காலேஜை 20-15 என்று ஜெயித்தது 2015க்குப் பிறகு கிடைத்த முதல் பௌல் வெற்றி. ரூல் மெதுவாகக் கட்டுகிறவர். முன்பு இருந்த கல்லூரிகளைப் பாருங்கள்: டெம்பிளில் 2-10, 6-6, 10-4. பேலரில் 1-11, 7-6, 11-3. வழி தெரிந்தவர்.

சோளக்காடு

நீங்கள் கொடுத்த எண்களையே படியுங்கள். டெம்பிளில் மூன்றாம் வருஷம் பத்து வெற்றி. பேலரில் மூன்றாம் வருஷம் பதினொன்று. இங்கே மூன்றாம் வருஷம் ஏழு, அதுவும் இரண்டாம் வருஷத்தின் அதே ஏழு. 2016 செப்டம்பரில் ஓரிகனை வென்ற பிறகு, தரவரிசையில் முதல் 25க்குள் இருந்த ஒரு அணியைக்கூட நெப்ராஸ்கா ஜெயித்ததில்லை. 2025இல் மிச்சிகன், யூஎஸ்சி இரண்டுமே சொந்த மைதானத்துக்கு வந்தன. 30-27, 21-17. இரண்டையும் விட்டோம்.

மூன்றாவது டவுன்

இரண்டு பேரும் கோச்சின் பெயரைச் சுற்றியே வருகிறீர்கள். ஆட்டம் போகிற இடம் லைன், அதாவது குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் நிற்கும் ஐந்து தடுப்பாளர்கள். அக்டோபர் 17, மின்னசோட்டாவிடம் 24-6: பந்தை எறியும் குவார்ட்டர்பேக் டிலன் ராயோலா ஒன்பது முறை சாக் ஆனார், அதாவது எறிவதற்குள் வீழ்த்தப்பட்டார். மிச்சிகன் ஆட்டத்தில் ஏழு. இது எப்படி நடக்கிறது என்று விவரமாகப் பேசினால்தான் யார் பொறுப்பு என்று சொல்ல முடியும்.

வழக்கமான ஹாஃப் ஸ்லைடு பாதுகாப்பை எடுத்துக்கொள்ளுங்கள். லைனின் நடுவில் நிற்கும் சென்டரும், ஒரு பக்கத்தில் அவரை அடுத்த கார்டும், ஓரத்து டேக்கிளும் ஒரே திசையில் நகர்ந்து ஆளுக்கொரு இடைவெளியைக் காப்பார்கள். மறுபக்கத்து கார்டும் டேக்கிளும் எதிரே நிற்கும் ஆளைப் பிடிப்பார்கள். அந்தப் பக்கம் எதிரணியின் லைன்பேக்கர் (லைனுக்குப் பின்னால் நிற்பவர்) பாய்ந்தால், வழக்கமாகப் பந்தோடு ஓடும் ரன்னிங்பேக் தடுக்க வேண்டும். எதிரணி செய்வது இதுதான்: ஸ்னாப்புக்கு (சென்டர் பந்தைப் பின்னால் கொடுக்கும் கணம்) முன் ஆறு பேரை லைனில் நிறுத்திக் காட்டும். பந்து நகர்ந்ததும் ஸ்லைடு போகும் பக்கத்தில் இரண்டு பேர் பின்னால் போய் பாஸைக் காப்பார்கள். மொத்தம் நாலு பேர்தான் பாய்கிறார்கள், ஆனால் அதில் மூன்று பேர் ஒரே பக்கம். இந்தப் பக்கம் மூன்று லைன்மேன்கள் ஒரே ஒருவரைத் தள்ளிக்கொண்டிருக்க, அந்தப் பக்கம் 200 பவுண்டு ரன்னிங்பேக், ஓடி வருகிற 240 பவுண்டு ஆளை நின்ற இடத்தில் தாங்க வேண்டும். எண்ணிக்கை சரியாகத்தான் இருக்கும், ஆள்தான் பொருந்தாது.

இதற்கு மருந்து ஸ்னாப்புக்கு முன்னால்தான். நடு லைன்பேக்கர் யார் என்று சென்டரோ குவார்ட்டர்பேக்கோ திரும்பச் சுட்டிக்காட்டி, ஸ்லைடை ஆபத்து வரும் பக்கம் திருப்ப வேண்டும். வெளியூர் மைதானத்தில் சத்தத்தில் குரல் கேட்காது. கார்டு சென்டரைத் தட்டுவார், சென்டர் ஒரு கணம் விட்டு ஸ்னாப் செய்வார், டேக்கிள் ஓரக்கண்ணால் பந்தைப் பார்த்துப் புறப்படுவார். அரை அடி தாமதம். அந்த ஒரு கணத்தின் அளவை மாற்றாமல் ஒரே தாளத்தில் ஸ்னாப் செய்தால், ஓரத்திலிருந்து பாயும் எதிரணியின் எட்ஜ் ரஷர் இரண்டாம் கால்பகுதிக்குள் அதைப் பிடித்துவிடுவார். பிறகு அவர் நம் டேக்கிளுக்கு முன்னால் கிளம்புவார். வெளிப்பக்கம் தோற்றுவிடுவோமோ என்று டேக்கிள் அகலமாகக் காலை வைப்பார், ரஷர் உள்பக்கம் வெட்டுவார்.

இதைப் பயிற்சியில் சரி செய்ய முடியும். அதனால்தான் இது கோச்சிங் பிரச்சினை என்கிறேன். ஆனால் ‘ரூலைத் தூக்கு’ என்பதும் இதற்குப் பதில் ஆகாது.

புதுமுகம்

அண்ணா, ஒரு சந்தேகம். ராயோலா பந்தைக் கையில் வைத்துக்கொண்டே நிற்கிறாரே, அதுவும் காரணம் இல்லையா? யூஎஸ்சி ஆட்டத்தில் அவர் கால் எலும்பு முறிந்த பிறகு, டிஜே லட்டீஃப் யூசிஎல்ஏவுக்கு எதிராக 15 பாஸில் 13ஐ முடித்து மூன்று டச்டவுன் கொடுத்தார். 28-21. அதே லைன்தானே?

மூன்றாவது டவுன்

காரணம்தான் தம்பி. பந்து சுமார் இரண்டரை நொடிக்குள் கையைவிட்டுப் போக வேண்டும். மூன்றைத் தாண்டினால் எந்த டேக்கிளும் தாங்கமாட்டார். ஆனால் லட்டீஃபுக்கு அன்று என்ன அழைத்தார்கள் என்று பாருங்கள்: 15 பாஸ்தான். எம்மெட் ஜான்சனின் ஓட்டத்தை முன்னால் வைத்து, பாஸை அதன் மேல் ஏற்றினார்கள். 1,400 யார்டுக்கு மேல் ஓடி நெப்ராஸ்கா ஆடும் பிக் டென் லீக்கில் முதலிடம் பிடித்தவர் ஜான்சன். பத்து யார்டு போக நாலு டவுன், அதாவது நாலு வாய்ப்பு. முதல் டவுனில் ஐந்து யார்டு வந்தால், மூன்றாவது டவுனில் மூன்றோ நாலோதான் மீதி இருக்கும், எதிரணி கண்ணை மூடிக்கொண்டு பாய முடியாது. ஒன்பது யார்டு மீதி என்றால் பாஸ்தான் என்று மைதானத்துக்கே தெரியும்.

லைனுக்கு உதவ வேறு வழிகளும் உண்டு, ஒவ்வொன்றுக்கும் விலையும் உண்டு. டைட் எண்ட் (லைன் ஓரத்தில் நின்று, பந்தும் பிடிப்பவர்) போகிற போக்கில் ரஷரின் தோளில் இடித்துவிட்டுப் போகலாம், ஆனால் பாஸ் பிடிக்க அவர் ஓடும் ரூட் ஒரு நொடி தாமதம். ஏழு பேரை வைத்துப் பாதுகாத்தால் பந்து பிடிக்க மூன்றே பேர். ஸ்கிரீன் (பாய்கிறவர்களை உள்ளே விட்டுப் போடும் குட்டிப் பாஸ்) போட்டால் பாய்கிறவர்கள் தயங்குவார்கள், ஆனால் லைன்மேன்கள் சரியான கணத்தில் விட்டுவிட்டு ஓட வேண்டும், ஒருவர் அவசரப்பட்டாலும் பந்து பறிபோகும். ஒரே குவார்ட்டர்பேக்கை மாற்றி இதையெல்லாம் தீர்த்துவிட முடியாது. லட்டீஃபின் அடுத்த மூன்று ஆட்டமும் தோல்வி: பென் ஸ்டேட் 37-10, அயோவா 40-16, யூட்டா 44-22.

நோஸ்கார்டு

அந்த மூன்று ஆட்டத்திலும் எதிரணி எடுத்த புள்ளியைக் கூட்டுங்கள். 121. குவார்ட்டர்பேக் பற்றியே பேசிப் பேசி டிஃபென்ஸை மறந்துவிடுகிறோம்.

2023, 2024இல் அப்போதைய டிஃபென்ஸ் கோஆர்டினேட்டர் டோனி வைட்டின் 3-3-5 அமைப்பு (முன்னால் மூன்று லைன்மேன், நடுவில் மூன்று லைன்பேக்கர், பின்னால் ஐந்து பேர்) ஏன் தாக்குப்பிடித்தது? நடுவில், அதாவது நோஸ் இடத்தில், நாஷ் ஹட்மேக்கர், பக்கத்தில் டை ராபின்சன். முன்னால் மூன்றே பேர் நின்றாலும், அந்த மூன்று பேரில் ஒருவராவது இரண்டு லைன்மேன்களைத் தன் மேல் வாங்கிக்கொண்டால்தான் பின்னால் இருக்கும் லைன்பேக்கர் தன் இடைவெளிக்குச் சுத்தமாக வர முடியும். ராபின்சன் என்எஃப்எல் டிராஃப்டில் நாலாவது சுற்றில் பிலடெல்ஃபியாவுக்குப் போனார், ஹட்மேக்கரும் முடித்துவிட்டார், வைட் ஃப்ளோரிடா ஸ்டேட்டுக்குப் போய்விட்டார். அந்த எடை திரும்ப வரவில்லை.

விளைவு மிச்சிகன் ஆட்டம். தரையில் மட்டும் 280 யார்டுக்கு மேல். ஜஸ்டிஸ் ஹெயின்ஸ் ஒரே ஓட்டத்தில் 75. இப்படிப்பட்ட ஓட்டம் ஒருவர் ஆளை வீழ்த்தத் தவறியதால் மட்டும் வருவதில்லை. மூன்று பேர் அடுத்தடுத்துப் பிசகினால்தான் வரும்: முன்னால் இருப்பவர் தள்ளப்படுகிறார், லைன்பேக்கரை கார்டு வந்து தொட்டுவிடுகிறார், கடைசி ஆளான சேஃப்டி நேராகப் பந்தை நோக்கி ஓடி கோணத்தைத் தவறவிடுகிறார். சேஃப்டி ஓடுகிறவரின் உள்தோளைக் குறிவைத்து எல்லைக்கோட்டுப் பக்கம் ஒதுக்கியிருந்தால், 75 யார்டு 15இல் நின்றிருக்கும்.

டிஃபென்ஸ் கோஆர்டினேட்டர் ஜான் பட்லரை ஒரே சீசனில் அனுப்பிவிட்டார்கள். ஆஃபென்சிவ் லைன் கோச் டோனவன் ராயோலாவும் போய்விட்டார். ஆட்களை மாற்றுவது எளிது. 310 பவுண்டில் காலை ஊன்றி நிற்கும் டேக்கிள் எங்கிருந்து வரப்போகிறார் என்பதற்கு இன்னும் பதில் இல்லை.

பத்தாம் யார்டு

இதைத்தான் நானும் சொல்கிறேன். உயர்நிலைப் பள்ளியிலிருந்து 270 பவுண்டில் வருகிற பையனை 305க்குக் கொண்டுவர இரண்டு குளிர்கால எடைப் பயிற்சி வேண்டும். வெறும் சோறு போட்டு எடை ஏற்றினால் கால் வேகம் போய்விடும். அவன் உருப்படியாக ஆடுவது மூன்றாம் வருஷம். ரூல் முழுதாகத் தேர்ந்தெடுத்த முதல் அணி 2024இல் வந்தது. அவர்கள் மூன்றாம் வருஷம் 2026. அவசரப்பட்டால் மறுபடியும் முதலிலிருந்து.

அவசரத்தின் விலையும் இந்த ஊருக்குத் தெரியும். 2022 அக்டோபர் 1 வரை பொறுத்திருந்தால் ஃப்ராஸ்டுக்குக் கொடுக்க வேண்டிய இழப்பீடு 1.5 கோடி டாலரிலிருந்து பாதியாகியிருக்கும். ஜார்ஜியா சதர்னிடம் 45-42 என்று தோற்ற மறுநாளே, செப்டம்பர் 11, அனுப்பினார்கள். மூன்று வாரத்துக்கு 75 லட்சம் டாலர்.

சோளக்காடு

அந்தப் பணம் வீண் இல்லை. அந்த நிலையில் இன்னொரு வாரம் வைத்திருந்தால் ஆள் சேர்ப்பே கெட்டிருக்கும்.

‘மூன்றாம் வருஷம் வரும்’ என்ற கணக்கு 2015இன் கணக்கு சார். இன்று வீரர் எத்தனை முறை வேண்டுமானாலும் கல்லூரி மாறலாம், ஒரு வருஷம் உட்கார வேண்டியதில்லை. நீங்கள் மூன்று வருஷம் எடை ஏற்றி வளர்க்கிற டேக்கிளை, தயாரானதும் இன்னொருவர் காசு கொடுத்துக் கூட்டிப்போவார். குவார்ட்டர்பேக் ராயோலாவே இரண்டு சீசன் ஆடிவிட்டு ஓரிகனுக்குப் போய்விட்டாரே.

இந்தியானாவைப் பாருங்கள். கர்ட் சிக்னெட்டி 2024க்கு வந்தார். ஜேம்ஸ் மேடிசனில் தன்னிடம் ஆடிய பத்துப் பேருக்கு மேல் கூட்டி வந்தார், இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது ஆட்கள், ஏற்கெனவே எடை ஏறியவர்கள், அவருடைய அழைப்புகள் தெரிந்தவர்கள். முதல் வருஷமே 11-2, நமக்கு 56-7. இரண்டாம் வருஷம் ஒஹாயோ ஸ்டேட்டை 13-10 என்று வீழ்த்தி பிக் டென் பட்டம். நெப்ராஸ்காவைவிட இந்தியானாவுக்கு என்ன அதிகம் இருந்தது? 1962 முதல் ஒரு சீட்டுக்கூட மிஞ்சாமல் நிரம்பும் மைதானம் யாருடையது?

பத்தாம் யார்டு

இந்தியானாவை வைத்து எல்லாரையும் அளந்தால் நாட்டில் ஒரு கோச்சும் மிஞ்சமாட்டார். தன் ஆட்களையே தூக்கி வர சிக்னெட்டிக்கு ஒரு அணி இருந்தது. ரூல் வந்தது என்எஃப்எல்லிலிருந்து, கரோலினா பேந்தர்ஸிலிருந்து நேராக. அவரோடு வர கல்லூரி வீரர் யாரும் இல்லை. ரூல் போர்டலை (கல்லூரி மாற விரும்பும் வீரர்களின் பட்டியல்) தொடாதவரும் இல்லை. தன் ஆட்களைக் காக்கத்தான் அணி தனக்குள்ளேயே ஆடும் வசந்தகால ஆட்டத்தையே 2025இல் நிறுத்தினார். அதற்கு முந்தின வருஷம் அதைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு மற்ற அணிகள் நம் வீரர்களை அணுகியதாக அவரே சொன்னார்.

சோளக்காடு

ஆட்டத்தை நிறுத்தி ரசிகரைத் தண்டித்தார். யார் போனார்கள், யார் தங்கினார்கள் என்பதை அது மாற்றவில்லை.

மூன்றாவது டவுன்

இனி நடக்க வேண்டியதைப் பேசலாம். போர்டலுக்கு இப்போது ஒரே ஜன்னல்தான்: 2026 ஜனவரி 2 முதல் 16 வரை. வசந்தகால ஜன்னல் போய்விட்டது. ஏப்ரல் பயிற்சியில் இடது டேக்கிள் சரியில்லை என்று தெரிந்தால் மே மாதம் ஆள் வாங்க முடியாது. கல்லூரி நேரடியாக வீரர்களுக்குப் பங்கிடும் தொகைக்கு 2025-26இல் 2.05 கோடி டாலர் உச்சவரம்பு, அதுவும் எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து. அணியில் 105 பேருக்கு மேல் வைக்கவும் முடியாது. ஆகவே பெரிய பெயர் குவார்ட்டர்பேக்குக்கு முதல் காசைக் கொடுத்துவிட்டு மிச்சத்தில் லைன் வாங்கினால், 2026 அக்டோபரிலும் இதே சாக் கணக்கைப் போட்டுக்கொண்டிருப்போம். இரண்டு டேக்கிள், ஒரு நோஸ், அதற்குப் பிறகு மற்றது.

வாங்கும்போது கல்லூரியின் பெயரைப் பார்க்கக் கூடாது, எத்தனை ஸ்னாப் ஆடியிருக்கிறார் என்று பார்க்க வேண்டும். பெரிய அணியில் பெஞ்சில் இருந்தவரைவிட, சின்ன அணியில் இரண்டு சீசன் முழுதாக இடது டேக்கிள் ஆடியவர் மேல். ஸ்டண்ட் (பாய்கிற இருவர் குறுக்கே இடம் மாறுவது) வந்தால் பக்கத்து கார்டுக்கு ஆளைக் கைமாற்றத் தெரிகிறதா என்று வீடியோவில் பத்து ஆட்டத்தைப் பாருங்கள்.

நோஸ்கார்டு

நோஸ் முதலில், டேக்கிள் பிறகு. பாஸ் பாதுகாப்பைப் ப்ளே அழைப்பால் ஓரளவு மறைக்கலாம், நீங்களே மேலே அதற்கு நாலு வழி எழுதியிருக்கிறீர்கள். நடுவில் தள்ளப்படுகிற டிஃபென்ஸை மறைக்க எந்த அழைப்பும் இல்லை. எட்டாவது ஆளை முன்னால் கொண்டுவந்தால் பின்னால் ஒற்றை சேஃப்டி, அயோவாகூட அதன் தலைக்கு மேல் எறிந்துவிடும்.

சோளக்காடு

இரண்டையும் எழுதி வைத்துக்கொள்கிறேன். ஜனவரி 16 முடிந்ததும் பட்டியலில் எத்தனை லைன்மேன், எத்தனை ஸ்னாப் என்று இதே இழையில் போடுகிறேன். 2026 நவம்பரில் மறுபடியும் நாலில் ஒன்று என்றால், இழப்பீடு எவ்வளவு ஆனாலும் ரூல் போக வேண்டும் என்பதில் எனக்கு மாற்றம் இல்லை.

பத்தாம் யார்டு

நாலில் இரண்டு வந்தால்?

சோளக்காடு

அதில் ஒன்று அயோவாவாக இருக்க வேண்டும்.