மேல் லைன் வீடுகள் குரூப், கோத்தகிரி

*காலை 6:08 – தேவி*
எல்லாருக்கும் வணக்கம். மூணு நாளா விடியக்காலம் 5 மணிக்கு அடுப்படி லைட் போட்டா இந்தப் பூச்சி வந்து பல்பைச் சுத்துது. இன்னைக்கு ரெண்டு. தேனீயா, கதண்டா? பாப்பா தவழ்ற வீடுங்க.
[படம்]

*6:15 – ஜோசப் அண்ணா*
கதண்டுதான்மா, பெரிய சாதிக் குளவி. கருப்பு உடம்பு, வயித்துல அகலமா ஒரு மஞ்சள் பட்டை, நெஞ்சு மொழுமொழுன்னு இருக்கு பாரு. மலைத்தேனீயும் ராத்திரி லைட்டுக்கு வரும், ஆனா அதுக்கு நெஞ்செல்லாம் ரோமம், உடம்பும் இதைவிட ஒல்லி. படம் பார்க்காம யாரும் "தேனீ"ன்னு சொல்லி விட்றாதீங்க, ரெண்டுக்கும் வைத்தியம் வேற.

*6:17 – கணேஷ்*
கரப்பான் ஸ்ப்ரே அடிச்சு விடுங்க அக்கா

*6:19 – ஜோசப் அண்ணா*
தம்பி, அடுப்பு எரியும்போது அடிச்சிடாதே. அந்த டின்ல தள்ளி விடுற வாயு தீப்பிடிக்கும். ஸ்ப்ரே பட்ட கதண்டும் உடனே சாகாது, அரை நிமிஷம் தாறுமாறா பறந்து எதிர்ல இருக்கிறவங்களைக் கொட்டும்.

தேவி, ஒண்ணு ரெண்டு வந்தா இப்படிப் பண்ணு. பாப்பாவை வேற ரூம்ல விட்டுக் கதவைச் சாத்து. அடுப்படி லைட்டை அணை. ஜன்னலைத் திற, வெளிய வராண்டா லைட்டைப் போடு. பத்து நிமிஷத்துல வெளிச்சத்துக்குப் போயிடும். பகல்னா எல்லா ஸ்க்ரீனையும் இழுத்துவிட்டு ஒரே ஒரு ஜன்னலை மட்டும் வெளிச்சமா விடு.
கண்ணாடில உக்காந்திருந்தா அகல வாய் டப்பாவை மேல கவுத்து, காலண்டர் அட்டையை அடியில நுழை. மெதுவா, அவசரம் வேண்டாம்.

*6:24 – தேவி*
கொல்லணும்னா?

*6:26 – ஜோசப் அண்ணா*
1 லிட்டர் தண்ணி, 3 ஸ்பூன் பாத்திரம் கழுவற லிக்விட், செடிக்கு அடிக்கிற கை ஸ்ப்ரேயர். நல்லா நனையற மாதிரி அடி. பூச்சி மூச்சு விடுற துளைகள் உடம்புப் பக்கவாட்டுல இருக்கு, வெறும் தண்ணி வழுக்கி ஓடிடும், சோப்பு கலந்தா உள்ள இறங்கி அடைச்சிடும். இது வீட்டுக்குள்ள வந்த ஒண்ணு ரெண்டுக்குத்தான். கூட்டுல போய் அடிச்சுப் பார்க்காதே.

*6:41 – பெள்ளி அண்ணா*
மூணு நாளா வருதுன்னா பக்கத்துலயே கூடு இருக்கு. பல்புகிட்ட மல்லுக்கட்டிப் பிரயோஜனம் இல்ல. வெயில் வந்ததும் வீட்டைவிட்டு 20 அடி தள்ளி நின்னு கூரையை மட்டும் பத்து நிமிஷம் பாருங்க. அங்கங்க சுத்தறது இரை தேடறது. ஒரே கோட்டுல நேரா வந்து ஒரே இடத்துல மறையுதுன்னா அதுதான் வாசல். கூடு பெருசானாலும் பெரும்பாலும் வாசல் ஒண்ணுதான்.

*9:32 – தேவி*
பார்த்தேன் அண்ணா. அடுப்படி மூலைல, தகர ஷீட்டோட நெளிவு செவுத்துல உக்கார்ற இடத்துல போகுது வருது. உள்ள பலகை சீலிங்ல அந்த மூலைல ஒரு பழுப்புக் கறை வேற இருக்கு. மழை ஒழுகல்னு நினைச்சேன்.

*9:35 – பெள்ளி அண்ணா*
கையால, குச்சியால அதைத் தொடாதீங்க. கூட்டுல இருந்து கழிவு சொட்டிச் சொட்டி பலகை ஊறிப் போயிருக்கும். கதண்டு மரத்தைச் சுரண்டி எச்சில்ல குழைச்சுத்தான் காகிதம் மாதிரி கூடு கட்டுது, சீலிங் பலகையும் அதுக்கு மரம்தான். ராத்திரி அமைதியா காது வெச்சா கறகறன்னு கேக்கும்.

*9:36 – கணேஷ்*
அப்போ சாயங்காலம் எல்லாம் உள்ள போனதும் அந்த ஓட்டையை சிமென்ட் வெச்சு அடைச்சா முடிஞ்சுது

*9:38 – பெள்ளி அண்ணா*
எல்லாரும் பண்ற தப்பு அதுதான் கணேஷ். வெளிய அடைச்சா உள்ள இருக்கிறது சும்மா இருக்காது, வெளிச்சம் தெரியற வேற இடுக்கைத் தேடும். ஏற்கெனவே ஊறின பலகையைக் கடிச்சு நேரா அடுப்படிக்குள்ள இறங்கும். உயிர்க் கூட்டோட வாசலை எப்பவும் அடைக்கக் கூடாது.

*9:40 – ஜோசப் அண்ணா*
புகையும் வேண்டாம். தேனீ புகையைக் கண்டா தேனைக் குடிச்சு வயிறு நிரம்பி சாந்தமாயிடும். கதண்டுக்குக் குடிக்கத் தேன் ஏது? கோபம்தான் வரும்.

*9:44 – பெள்ளி அண்ணா*
தீப்பந்தமும் இந்த வீட்டுக்கு ஆகாது. சில்வர் ஓக் மரத்துல தொங்கற கூட்டுக்கு தீயணைப்புக்காரங்க ராத்திரில கொளுத்துவாங்க, அது வேற. இங்க பலகை, ரீப்பர், மேல 40 வருஷத்துத் தூசி. 101க்குப் போன் பண்ணும்போதே "கூடு தகரக் கூரைக்குள்ள, மர சீலிங்"னு சொல்லிடுங்க, அதுக்கு ஏத்த மாதிரி வருவாங்க. இல்லன்னா பூச்சி மருந்து அடிக்கிறவங்களைக் கூப்பிட்டு, வாசல்ல பவுடர் மருந்து ஊதச் சொல்லுங்க. தண்ணி மருந்தைவிட பவுடர் நல்லது, போக வர கால்ல ஒட்டி உள்ள கொண்டு போகும். முழு உடுப்பு இல்லாம வந்தா திருப்பி அனுப்பிடுங்க. இருட்டினப்புறம்தான் வேலை. டார்ச்சுக்கு மேல சிவப்புக் கண்ணாடித்தாள் சுத்துங்க, சிவப்பு வெளிச்சம் அதுகளுக்குச் சரியா தெரியாது. வெள்ளை டார்ச்னா வெளிச்சத்தைப் பிடிச்சு கைக்கே வரும்.

*9:47 – தேவி*
அதுவரைக்கும்?

*9:49 – பெள்ளி அண்ணா*
விடியக்காலம் அடுப்படி லைட் போடறதுக்கு முன்னாடி ஜன்னல், வென்டிலேட்டர் எல்லாம் சாத்தணும். வெளி பல்பை மஞ்சளா மாத்துங்க, வெள்ளை அளவுக்குப் பூச்சி வராது. சீலிங் கறை இருக்கிற மூலைக்குக் கீழ பாப்பாவை விட வேண்டாம். மீன் கழுவின தண்ணி, அழுகின பிளம்ஸ், பேரிக்கா வாசல்கிட்ட கிடக்கக் கூடாது.

*10:20 – மல்லிகா சிஸ்டர்*
இப்பத்தான் டியூட்டி முடிஞ்சு பார்க்கிறேன். கொட்டிடுச்சுன்னா என்ன பண்றதுன்னு யாருமே சொல்லல.
கதண்டு கொடுக்கை விட்டுட்டுப் போகாது, ஒண்ணே பல தடவை கொட்டும். அதனால முதல்ல அந்த இடத்தைவிட்டு நகரணும். கையில கொட்டினா மோதிரம், வளையலை உடனே கழட்டுங்க, வீங்கினா வராது. சோப்புத் தண்ணில கழுவி, துணி சுத்தின ஐஸ் 10 நிமிஷம். சுண்ணாம்பு தடவி நேரத்தை ஓட்டாதீங்க.
மூச்சுத் திணறல், குரல் கம்மல், உதடு வீக்கம், உடம்பு முழுக்கத் தடிப்பு, வாந்தி, தலைசுத்தல், இதுல எது வந்தாலும் 108. படுக்க வெச்சு காலை உயர்த்துங்க. மூச்சு வாங்கினா சாய்ச்சு உக்கார வைங்க, எழுந்து நடக்க விடாதீங்க. அப்போ தேவை அட்ரினலின் ஊசி, வீட்டுல இருக்கிற செட்ரிசின் அலர்ஜி மாத்திரை அதுக்குப் பதிலாகாது.

*10:22 – கணேஷ்*
ஒண்ணும் ஆகலன்னா விட்டுடலாமா சிஸ்டர்

*10:25 – மல்லிகா சிஸ்டர்*
ஒண்ணு ரெண்டு கொட்டுன்னா பார்த்துக்கலாம். நிறைய இடத்துல கொட்டியிருந்தா நல்லா பேசிட்டு இருந்தாலும் ஜி.ஹெச். போகணும். விஷம் தசையை உடைக்கும், கிட்னில போய் அடைக்கும், அது மறுநாள்கூட தெரியும். ஒண்ணுக்கு கட்டன் டீ கலர்ல போனா ஒரு நிமிஷம் தாமதிக்கக் கூடாது. சின்னப் புள்ளைங்களுக்குக் கொஞ்சக் கொட்டே அதிகம்.

*10:31 – வசந்தா அம்மா*
எங்க ஜன்னல் ஓரத்துல மண்ணுல உருண்டையா கட்டியிருக்கே, அதையும் மருந்தடிக்கணுமா?

*10:33 – ஜோசப் அண்ணா*
வேண்டாம்மா, அது மண்குளவி, தனிக்கட்டை, கூட்டமா வந்து தாக்காது. "கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும்"னு சொல்றது இதைத்தான். நிஜத்துல புழுவை மயக்கி உள்ள வெச்சு, கூடவே முட்டையிடும். முட்டையில இருந்து வர்ற குஞ்சு அந்தப் புழுவைத் தின்னுட்டு வெளிய வருது. பிளக் ஓட்டைல கட்டினா மட்டும் மெயினை அணைச்சுட்டு சுரண்டிடுங்க.

*10:40 – பெள்ளி அண்ணா*
தேவி, மருந்து ஊதினப்புறம் ஒரு வாரம் போக வரத்து ஏதும் இல்லன்னு பகல்ல பார்த்துட்டு, பலகையைக் கழட்டிக் கூட்டை எடுத்துடணும். விட்டா எறும்பும் நாத்தமும்தான். அப்புறம் ஷீட் நெளிவு ஒவ்வொண்ணுலயும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மெஷ்ஷைச் சுருட்டி இறுக்கிச் சொருகி ஓரத்துல பூசணும். மெஷ் கண் 3 மில்லிமீட்டருக்கு மேல வேண்டாம். நைலான் வலை பிஞ்சிடும், ஜிஐ கம்பி வலை நம்ம மூடுபனில துருப்பிடிச்சிடும். புகைபோக்கி மூடிக்கு மட்டும் 4, 5 மில்லி போடுங்க, கண் சின்னதானா கரி அடைச்சு புகை வீட்டுக்குள்ள திரும்பும். மாசம் ஒரு தடவை தட்டி விடணும்.

*10:44 – தேவி*
சரிங்க அண்ணா. 101க்குப் பேசியாச்சு, சாயங்காலம் வந்து பார்க்கறாங்களாம். ஏணி இருந்தா வெச்சிருக்கச் சொன்னாங்க, யார் வீட்டுல இருக்கு?

*10:45 – கணேஷ்*
எங்ககிட்ட 12 அடி அலுமினியம் இருக்கு அக்கா. 5 மணிக்குக் கொண்டாந்து ரோட்டோரம் சாய்ச்சு வைக்கிறேன், செவுத்துல வைக்க மாட்டேன் 😅