பிறவியிலேயே எதிர்ப்புச் சக்தி இல்லாத பிள்ளைகள்: உங்க வீட்டுல யாருக்காவது?

கானாடுகாத்தான் சித்தி:
அக்கா மகனுக்கு ரெண்டு மாசத்துல வாயெல்லாம் வெள்ளை மாவு. மருந்து தடவினா போகும், திரும்ப வரும். பிசிஜி (காசநோய்த் தடுப்பூசி) போட்ட இடம் சீழ் வச்சு கக்கத்துல நெறி கட்டுச்சு. அப்புறம் நிமோனியா. திருஷ்டின்னு சுத்திப் போட்டதுதான் மிச்சம். ரத்த ரிப்போர்ட்ல டோட்டல் கவுண்ட், அதாவது வெள்ளை அணு மொத்தம், 9,000, "நார்மல்"னு ரெண்டு இடத்துல சொல்லிட்டாங்க. மதுரையில ஒரு டாக்டரம்மாதான் கீழே லிம்போசைட்ங்கிற வெள்ளை அணு வகை 8 சதவீதம்னு இருந்ததைப் பேனாவால வட்டம் போட்டாங்க. கணக்குப் போட்டா 720. கைக்குழந்தைக்கு 3,000க்குக் கீழே போனாலே சந்தேகப்படணுமாம்.

லிம்போசைட்டை வகை பிரிச்சு எண்ணுற ஃப்ளோ சைட்டோமெட்ரி டெஸ்ட்ல டி செல் இல்லை, என்.கே. செல் இல்லை. பி செல் இருக்கு, ஆனா டி செல் துணையில்லாம அது கிருமியை எதிர்க்கிற ஆன்டிபாடி செய்யாது. ஐஎல்2ஆர்ஜிங்கிற ஜீன்ல பிழை. அந்த செல்கள் வளர "வா"ன்னு கூப்பிடுற சிக்னலை வாங்குற ரிசப்டரே சரியா உருவாகலை. அந்த ஜீன் எக்ஸ் குரோமோசோம்ல இருக்கறதால ஆம்பளப் பிள்ளைகளுக்குத்தான் வரும். அக்கா கேரியர், அதாவது நோய் வராம பிழையான ஜீனை மட்டும் சுமக்கிறவ. நானும் பார்த்தேன், நானும்தான்.

எங்க ஆயாவுக்கு (அம்மாவோட அம்மா) ரெண்டு ஆம்பளப் பிள்ளைக ஒரு வயசுக்குள்ள போயிருச்சு. கழிச்சல், மாந்தம்னு சொல்லி அதோட விட்டுட்டாங்க. அம்மான் மகனைக் கட்டினதாலதான்னு அக்காவை இப்பவும் சிலர் பேசுறாங்க, எனக்குப் பத்திக்கிட்டு வருது.

அத்தான்கிட்ட எலும்பு மஜ்ஜை எடுத்து, பாதிப் பொருத்தத்துலயே மாத்துனாங்க. பய இப்ப ஓடுறான்.

தேவகோட்டை ஆத்தா:
ஆச்சி, எங்க பயலுக்கு வேற வகை. ஆறு மாசம் வரைக்கும் கொழுகொழுன்னு இருந்தான், நான் கொடுத்த ஆன்டிபாடி அவனைக் காப்பாத்திக்கிட்டு இருந்திருக்கு. அது தீர்ந்ததும் காதுல சீழ், மாத்தி மாத்தி நிமோனியா. தொண்டையில டான்சிலே தெரியலைன்னு டாக்டர் சொன்னார். பிடிகேங்கிற ஜீன்ல பிழை, அதனால பி செல் முதிரவே இல்லை. 1952ல புரூட்டன்ங்கிற டாக்டர் கண்டுபிடிச்ச நோய். அவர் அன்னைக்குச் செஞ்ச வைத்தியந்தான் இன்னைக்கும்: வெளியிலேருந்து ஆன்டிபாடி ஏத்துறது. நாலு வாரத்துக்கு ஒரு தடவை. எடைக்கு எடை டோஸ் கூடும், செலவும் கூடும், அதான் கஷ்டம். பய காலேஜ் போறான், டிரிப் ஏத்துற அன்னைக்கு மட்டும் லீவு.

காரைக்குடி லேப்காரன்:
சித்தி சொன்ன வகைக்கும் சொந்தத்துல கட்டுறதுக்கும் சம்பந்தமில்லை. ஆனா ராக்1, ராக்2, ஏடிஏங்கிற ஜீன்கள் கெட்டு வர்ற வகைகளுக்கு அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்டேருந்தும் பிழையான ஜீன் வரணும், அங்கே சொந்தம் கணக்குல வரும். ராக் ஜீன்தான் டி, பி செல்களோட ரிசப்டர் ஜீன்களை வெட்டி ஒட்டுறது. ஏடிஏ இல்லைன்னா விஷப்பொருள் சேர்ந்து லிம்போசைட்டே செத்துப்போகும். நகரத்தார் நாம கோயில் (அப்பா வழிக் குலம்), பிரிவு பார்த்துத்தான் பெண் எடுக்கிறோம். அது அப்பச்சி (அப்பா) வழியை மட்டும் பார்க்கும். அயித்தை மகளுக்குக் கோயில் வேற, ஆனா நம்ம ஐயாவும் அப்பத்தாவும்தானே அவளுக்கும் தாத்தா பாட்டி?

சித்தி, அடுத்த பிள்ளைக்கு என்ன யோசனை?

கானாடுகாத்தான் சித்தி:
அக்காவுக்கு இப்ப அஞ்சாம் மாசம். மூணாம் மாசத்துலயே நஞ்சுக்கொடி டெஸ்ட் எடுக்கலாம்னாங்க, அக்கா வேண்டாம்னுட்டா. பொறந்ததும் தொப்புள்கொடி ரத்தத்துல பார்த்துக்கிறோம். ரிசல்ட் வர்ற வரைக்கும் பிசிஜியும் போலியோ சொட்டும் போடக்கூடாதுன்னு ஆஸ்பத்திரியில ஃபைல் மேலேயே சிவப்பு மையில எழுதி வாங்கிட்டோம்.